ஊருக்குப் போறோம், லீவு வேணும் டீச்சர்

ஆறாம் வகுப்பு டீச்சர் வேலையில் பாடம் நடத்துவது பாதிதான். மீதிப் பாதி, காலையில் மேஜைமேல் வந்து விழுகிற லீவ் லெட்டர்களைப் படிப்பது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பதினாலு வருஷம் அந்த வகுப்பையே கட்டிக்கொண்டு மாரடித்தவள் நான். இதைப் படிக்கிறவர்களில் யாராவது வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் இருந்தால், நான் மேலே சொல்வதற்கு முன்பே பெருமூச்சு விட்டிருப்பார்கள். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் பெஞ்சில் நாலு இடம் காலியாகும். விசாரித்தால் ஒருத்தன் பழனி, ஒருத்தி பெங்களூர். மே மாசம் முழுக்க லீவு விட்டோமே, அப்போதெல்லாம் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் தலைமையாசிரியை கண்டிப்பானவர். மூன்று நாளுக்கு மேல் வராத பிள்ளை டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று ஒரு சர்க்குலர் அனுப்பினார். அதற்குப் பிறகு தாம்பரம் வட்டாரத்தில் காய்ச்சல் மிகவும் அதிகமாகிவிட்டது.

முன்கூட்டியே வந்த காய்ச்சல்

மலர்விழியின் அப்பா குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தார். எதையும் முறையாகச் செய்கிற மனிதர். அதனால் லீவ் லெட்டரையும் வெள்ளிக்கிழமையே கொடுத்தனுப்பிவிட்டார். ‘என் மகள் கடுமையான காய்ச்சலால் அவதிப்படுவதால், வரும் திங்கள் முதல் வெள்ளி வரை விடுப்பு அளிக்குமாறு’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கடுமையான காய்ச்சல்காரி இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணுக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வந்து நின்றவள், நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: “அதுல இருக்கிறது பொய் டீச்சர். நாங்க மைசூருக்குப் போறோம். உண்மைய எழுதுங்கப்பான்னு சொன்னேன். எழுதினா விடமாட்டாங்கன்னு சொல்லிட்டாரு.”

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு நாள்கூட மட்டம் போடாத பெண் அவள். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் முழு வருகைக்கான பரிசு வாங்குவாள். உடம்பு சரியில்லாமல் போட்ட லீவு மட்டம் என்ற கணக்கில் சேராது. ஊர் சுற்றப் போனால் சேரும். அதாவது அந்தப் பொய்யை அப்படியே விட்டிருந்தால் பரிசு அவளுக்குத்தான். தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டு இதை விளக்கிச் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், “மைசூருன்னே எழுதிக்கோங்க” என்றாள். தலைமையாசிரியை அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லெட்டரில் கையெழுத்துப் போட்டார். சர்டிஃபிகேட் கேட்கவில்லை. அந்த வருஷம் பரிசை வேறொரு பையன் வாங்கினான். மலர்விழி கீழே உட்கார்ந்து கைதட்டினாள். விழா முடிந்ததும் அவள் அப்பா கூட்டத்தில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“இனிமே எங்க வீட்டு லெட்டரெல்லாம் அவளே எழுதட்டும் டீச்சர். நான் கையெழுத்து மட்டும் போட்டுடறேன்.”

மே மாசம் வேலையாக இருந்தவர்

காதர் பாய் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருந்தார். மூன்று பிள்ளைகளும் எங்கள் பள்ளிதான். நடுப் பையன் ரஃபீக் என் வகுப்பு. ஜூலை கடைசியில் ஒரு நாள் நேரில் வந்து, பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு வேண்டும், குற்றாலத்தில் சீசன், தென்காசியில் தங்கச்சி வீடு இருக்கிறது, எல்லோரையும் அழைத்துக்கொண்டு போகப்போகிறேன் என்றார். ஒளிவுமறைவே இல்லை. பள்ளி திறந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. நான் என் அதிகாரத்தில் இல்லை என்று சொல்லித் தலைமையாசிரியையிடம் அழைத்துப் போனேன். உள்ளுக்குள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன்.

தலைமையாசிரியை ஆரம்பித்தார். ஒழுங்கு, கட்டுப்பாடு, பெற்றோரின் பொறுப்பு எல்லாம் வந்தது. காதர் பாய் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “மே மாசம் போயிருக்கக் கூடாதா? அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டார் தலைமையாசிரியை. ஜன்னலுக்கு வெளியே பி.டி. பீரியட் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையும் நீல நிக்கரும் நீலப் பாவாடையுமாக இருநூறு பிள்ளைகள் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரலில் குத்தலே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

“இதுங்களுக்குத்தாம்மா தைச்சுக்கிட்டிருந்தேன்.”

சளிக்கு மருந்து

இது சின்னது. சர்டிஃபிகேட் எல்லாம் ஒழுங்காக வைத்து, மார்ச்சளி என்று ஆறு நாள் லீவு போட்ட பையன் ஒருவன் உண்டு. பெயர் வேண்டாம், இப்போது பெரிய வேலையில் இருக்கிறான். திரும்பி வந்த அன்று கன்னமெல்லாம் குளிரில் வெடித்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே பைக்குள் கை விட்டு நீலகிரித் தைலம் ஒரு பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தான். எனக்கு வருஷம் பூராவும் மூக்கடைப்பு. வகுப்பில் தும்மிக்கொண்டேதான் பாடம் நடத்துவேன். ஊட்டியில் கடை கடையாகப் பார்க்கும்போது அந்தப் பத்து வயசுப் பிள்ளைக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. தான் மாட்டிக்கொள்வோமே என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

“உங்க சளிக்கு நல்லது டீச்சர். எனக்குத்தான் சளியே இல்லியே.”

வேனில் ஏறிய பள்ளிக்கூடம்

வேங்கைவாசல் பக்கம் ஒரு பெரிய குடும்பம். விவசாயக் குடும்பம், கொஞ்சம் நிலத்தை மனை போட்டு விற்றிருந்தார்கள், மிச்சத்தில் பயிர் வைத்தார்கள். அண்ணன் தம்பி நாலு பேர், ஒரே வீடு. அந்த வீட்டிலிருந்து ஏழு பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படித்தார்கள். என் வகுப்பில் மட்டும் இரண்டு பேர், குமாரும் அவன் சித்தப்பா மகள் வள்ளியும். அறுப்பு முடிந்து, ஒரு பிப்ரவரி மாசம், ஏழு பேரும் ஒரே நாளில் காணாமல் போனார்கள். லெட்டர் இல்லை, தகவல் இல்லை. பத்து நாள் கழித்து ஏழு பேரும் நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மெட்டடார் வேன் பிடித்துப் பழனி, மதுரை, திருச்செந்தூர், கன்னியாகுமரி வரை போயிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்பு என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் குமாரின் பெரியம்மா கண்ணம்மா வந்தார். நாற்பது வயசிருக்கும். நாற்றங்காலிலிருந்து நேராக வந்த மாதிரி, புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

“லெட்டர் ஏன் குடுக்கலை?” என்றேன்.

“லெட்டரா? அத்த யாரு எழுதறது டீச்சர்? எங்க வூட்ல எழுதத் தெரிஞ்சதுங்க அல்லாம் வேன்ல ஏறி குந்திகினு இருந்துச்சுங்க.” இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் கையை நீட்டினார். இரண்டும் நோட்டை எடுத்துக் கொடுத்தன. பத்து நாளைக்கும் பாடம் எழுதியிருந்தது. கணக்குப் போட்டிருந்தது. வழியில் எந்தச் சத்திரத்தில் தங்கினாலும் காலையில் ஒரு பாடம் முடித்தால்தான் இட்லியாம். இதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன், ஏனென்றால் கண்ணம்மாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது என்று குமார் முன்பே சொல்லியிருக்கிறான். ஒருத்தனை வெளியே நிற்க வைத்துவிட்டு மற்றவளைப் படித்துச் சொல்லச் சொல்வார். அப்புறம் அவளை வெளியே அனுப்பிவிட்டு இவனைச் சொல்லச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. மாறினால் இரண்டு பேரும் முதலிலிருந்து. நான் அங்கேயே நாலு கேள்வி கேட்டுப் பார்த்தேன். பள்ளியிலேயே இருந்த பிள்ளைகள் திணறிய கேள்விகளுக்கு இந்த இரண்டும் டாண் டாணென்று பதில் சொல்லின. கண்ணம்மா என்னைவிட உன்னிப்பாக அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். பசங்க ஏமாத்துனா தெரியும்.”

நான் எழுதிய லெட்டர்

என் கணவருக்கு மத்திய அரசு ஆபீஸில் வேலை. நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு வெளியூர் போய்வர அரசாங்கம் டிக்கெட் கொடுக்கும். எங்கள் நாலு வருஷம் அந்த டிசம்பரோடு முடிகிறது; அவருக்கு லீவு கிடைத்ததோ நவம்பரில். டில்லி, ஆக்ரா. எங்கள் மகன் எங்கள் பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு. அவனுக்கு ஸ்டெல்லா டீச்சர். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, “உங்க வசதிக்குப் பிள்ளைங்க படிப்பைப் பலி கொடுக்காதீங்க” என்று பேசினவள் நான். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் ஸ்டெல்லா. லெட்டர் எழுத உட்கார்ந்தபோது, ஊரில் எல்லோருக்கும் வருகிற அந்தக் காய்ச்சல் என் மகனுக்கும் வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. மலர்விழி ஞாபகம் வந்தது. உள்ளதை எழுதிக் கொடுத்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா சிவப்புப் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு அந்த லெட்டரை ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கும்படி படித்தார். ‘தயவுகூர்ந்து’ என்று நாலு இடத்தில் எழுதியிருந்தேனாம், மூன்றை அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நாங்கள் போய் வந்த ஒன்பது நாளும் தன் ஓய்வு பீரியடையெல்லாம் விட்டுவிட்டு என் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். திரும்பி வந்து பார்த்தால் கட்டுரை நோட்டு நாற்பத்திரண்டும் திருத்திக் கட்டி வைத்திருந்தது. என் மகனுக்கு விட்டுப்போன பாடத்தைத் தனியாகத் தாளில் எழுதி வைத்திருந்தார். நன்றி சொல்லப் போனேன். நான் வாங்கி வந்த ஆக்ரா பூசணி மிட்டாயை ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“தாஜ்மஹால் பாத்தாச்சு இல்ல? இனிமே அடுத்தவங்க லெட்டரையும் கொஞ்சம் நிதானமாப் படிங்க.”

முப்பது நாள் அப்பா

ஜெயந்தியின் அப்பா மஸ்கட்டில் வெல்டர். மூன்று வருஷம் கழித்து முப்பது நாள் லீவில் வந்தார். வந்த மாசம் டிசம்பர், அரைப்பரீட்சை. ‘ஏ’ பிரிவில் கேட்டு, ‘பி’ பிரிவில் கேட்டு, கடைசியில் ‘சி’ பிரிவில் என்னிடம் வந்து சேர்ந்தார். மகள் எந்தப் பிரிவு என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும்போது காது வரை சிவந்துவிட்டது. சேலையூரில் வீட்டில் ஜெயந்தி அவரிடம் பேசுவதே இல்லை, எது வேண்டுமானாலும் அம்மாவிடம்தான் சொல்கிறாள், “அவரைக் கேளும்மா” என்கிறாள் என்று சொன்னார். மூன்று பேரும் கொடைக்கானல் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் கொஞ்சம் பழகுவாள் என்று நினைக்கிறார். ஆனால் கம்பெனி கொடுத்த தேதியை மாற்ற முடியாது. பரீட்சைத் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

பரீட்சைக்கு வராவிட்டால் அந்த மார்க் பூஜ்யம்தான் என்பது விதி. தலைமையாசிரியையிடம் நான் போய் நின்றேன். இந்தத் தடவை யாருக்காவது டோஸ் விழட்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. அவர் பரீட்சை அட்டவணையை எடுத்துப் பார்த்தார். பிறகு, “அதே கேள்வித்தாளைக் கொடுக்கக் கூடாது. அஞ்சு பாட டீச்சருங்களும் வேற கேள்வித்தாள் எழுதித் தர சம்மதிச்சா, ஜனவரியில உட்கார வைங்க” என்றார். ஒரு பெண்ணுக்காக ஐந்து டீச்சர்கள் புதிதாகக் கேள்வித்தாள் தயாரிப்பதா என்று முணுமுணுப்பு வரும் என்று பயந்தேன். முணுமுணுத்தார்கள்தான். முணுமுணுத்துக்கொண்டே ஐந்து பேரும் எழுதிக் கொடுத்தார்கள். அறிவியல் டீச்சர் கார்பன் பேப்பர் வைத்துப் படமெல்லாம் வரைந்து கொடுத்தார்.

ஜனவரியில், அவள் அப்பா விமானம் ஏறிய மறுநாள், ஜெயந்தி ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து முதல் பரீட்சை எழுதினாள். கண் வீங்கியிருந்தது. பேப்பரைக் கொடுக்கும்போது, “கொடைக்கானல் எப்படி இருந்தது?” என்று கேட்டேன். ஏரி, படகு, குதிரை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரி என் காதருகே வந்து சொன்னாள்:

“எங்கப்பா குறட்டை விடுவாரு டீச்சர். அம்மா எங்கிட்ட சொன்னதே இல்ல.”

நாலு நாள் மகாபலிபுரம்

எல்லோரும் ஊருக்குப் போவதை மறைக்கக் காய்ச்சல் என்று எழுதினார்கள். சேகர் ஒருவன்தான் மாற்றி எழுதியவன். பெயிண்டர் மகன், ஒரு தங்கை உண்டு. ‘குடும்பத்துடன் மகாபலிபுரம் சுற்றுலா செல்வதால் நான்கு நாட்கள்’ என்று அவனே எழுதி, அப்பா கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு லீவு எடுத்தான். தாம்பரத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே நாலு நாள் என்ன செய்வார்கள் என்று எனக்குச் சந்தேகம். வந்ததும் வகுப்பில் எழுப்பி, பார்த்ததைச் சொல்லச் சொன்னேன். சொன்னான். பசு பால் கறக்கும்போது திரும்பிக் கன்றை நக்கிக்கொடுக்கிற சிற்பம், ஒரு குரங்கு இன்னொரு குரங்குக்குப் பேன் பார்க்கிறது, கடற்கரைக் கோயில் சுவரில் கை வைத்தால் உப்பு ஒட்டுகிறது என்று பத்து நிமிஷம் சொன்னான். வகுப்பு அசையாமல் கேட்டது. இரண்டு முறை போய் வந்த நான் அந்தக் கன்றைக் கவனித்ததே இல்லை. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சேகரைச் சானடோரியம் ஆஸ்பத்திரி வாசலில் தூக்குச்சட்டியோடு பார்த்ததாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போனேன். பெண்கள் வார்டு வராந்தாவில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தள்ளி நில்லுங்க டீச்சர் என்று கையால் காட்டினார். அந்த நாலு நாளில்தான் அவரை அங்கே சேர்த்திருக்கிறார்கள். அப்போது சேகர் வீட்டில் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். டி.பி. என்று தெரிந்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று பயந்து அவனாகவே மகாபலிபுரம் என்று எழுதியிருக்கிறான். அவன் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. அம்மா பிறந்தது அந்தக் கடற்கரையில்தான். அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். நான் அவனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. பதிவேட்டில் சுற்றுலா என்றே இருந்தது.

அடுத்த வருஷம், சேகர் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்ட பிறகு, ஒரு காலையில் அவன் அம்மா என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். முகம் தேறியிருந்தது, முதலில் அடையாளமே தெரியவில்லை. கையில் ஒரு லீவ் லெட்டர். சேகர் இப்போது ஸ்டெல்லா டீச்சர் வகுப்பு, அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். லெட்டரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு நாள் லீவு, குடும்பத்துடன் மகாபலிபுரம்.

“அவங்களுக்கும் ஒண்ணு குடுத்துட்டேன் டீச்சர். இது நெசமாப் போறோம்னு உங்களுக்குத் தெரியணும்னு கொண்டாந்தேன்.”

ஆக, கண்டிப்பான டீச்சர் என்று பதினாலு வருஷம் பெயரெடுத்த நான், ஊருக்குப் போக விடாமல் தடுத்து நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இதுவரை ஒரு பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.